சின்னக் குழந்தையோட படப்புக் பாக்கறது எப்படி (எறும்பு, நிழல், நிலா, நம்ம வீட்டு குக்கர்)

ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு எதுக்கு புக்கு, கிழிச்சுல்ல போடும்னு வீட்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க. கிழிக்கும்தான். வாயில வைக்கும், தலைகீழா பிடிக்கும், மூணாவது பேஜ்லயே எந்திரிச்சு ஓடிடும், ஆனா இதெல்லாம் நடக்கும்போதே உள்ள ஏதோ ஏறிட்டுதான் இருக்கும். பிறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட எப்படி புக் பாக்கறதுன்னு தெரிஞ்ச வரைக்கும் இங்க எழுதறேன்.

கதை புக்கைச் சொல்லல. ராஜா, மந்திரி, தந்திர நரி எல்லாம் அப்புறம் நிதானமா பாத்துக்கலாம். நான் சொல்றது ரொம்ப சின்ன புக்: ஒரு பாப்பா எறும்பைப் பாக்குது, எறும்பு வரிசையா போகுது, பாப்பா பின்னாடியே தவழ்ந்து போகுது, எறும்பு ஓட்டைக்குள்ள போயிடுச்சு. முடிஞ்சுது, அவ்ளோதான். நமக்கு இதுல என்ன இருக்குன்னு தோணும், அந்த வயசுக்கு இதுதான் த்ரில்லர். மழை, நிழல், விதை, தண்ணி, நிலா, காக்கா, நத்தைன்னு தினம் வாசல்ல நடக்கறதையே ஒரு பிள்ளை முதல்முறையா கண்டுபிடிக்கற மாதிரி இருக்கற புக்குங்க.

இந்த புக்குங்களை வச்சு செய்யறதுக்கு முக்கியமா ஒரே ஒரு வேலைதான், மீதியெல்லாம் அதுக்கு உதவி. புக்ல பாத்ததை முடிஞ்சா அன்னைக்கே நிஜத்துல காட்டணும், நிஜத்துல பாத்ததை அன்னைக்கே புக்ல திருப்பிக் காட்டணும். ஏன்னா படம்னா என்னன்னே குழந்தைக்குப் பிறக்கும்போது தெரியாது, அதையும் அது கத்துக்கதான் வேணும். 1998ல ஜூடி டிலோச்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவங்களோட சேர்ந்தவங்களும் இதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. 9 மாசக் குழந்தைங்க கிட்ட பொருளோட படத்தைக் காட்டினா, அது நிஜப் பொருள் மாதிரி பேப்பர்ல இருந்து பிடுங்கப் பாத்துதுங்க, தடவுதுங்க, தட்டுதுங்க. 19 மாசம் ஆகறப்போ பிடுங்கறது நின்னு போய், விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிச்சுதுங்க. அமெரிக்காவுல மட்டும் இல்ல, ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் குழந்தைங்களும் அப்படித்தான் படத்தைப் பிடுங்கப் பாத்துதுங்க. அதனால உங்க 10 மாசப் பிள்ளை படத்துல இருக்கற வாழைப்பழத்தை நகத்தால பிராண்டுச்சுன்னா சிரிச்சுட்டு, அடுக்களையில இருந்து ஒரு நிஜ வாழைப்பழத்தைக் கொண்டு வந்து பக்கத்துல வைங்க. அந்த இடத்துல அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல.

புக் எடுக்கும்போது பாக்க வேண்டியது

ஒரு பேஜுக்கு ஒரு விஷயம். ஒரே பேஜ்ல 24 காய்கறி, அடுத்த பேஜ்ல 24 வண்டின்னு சார்ட் மாதிரி வர்ற புக்கை நான் இந்த வயசுக்கு வாங்கவே மாட்டேன். அதுல பாக்கறதுக்கு ஒண்ணும் நடக்காது, இது என்ன அது என்னன்னு கேள்வி கேக்கதான் தோணும், மடியில உக்காந்து பாக்கற நேரம் டியூஷன் ஆயிடும். படம் பெருசா, பின்னாடி வெறுமையா, யாராவது ஏதாவது செஞ்சுட்டு இருக்கற மாதிரி இருக்கட்டும். சும்மா நிக்கற நாய்க்குட்டியை விட தண்ணி நக்கற நாய்க்குட்டியைப் பத்தி பேச நிறைய இருக்கும்.

படம் நிஜத்துக்குக் கிட்ட இருந்தா நல்லது. 2008ல 15 மாசம், 18 மாசக் குழந்தைங்களை வச்சுப் பாத்த ஒரு ஆய்வுல, போட்டோ மாதிரி தத்ரூபமான படத்துல கத்துக்கிட்டதை நிஜப் பொருள்ல அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபமா இருந்துச்சு, கார்ட்டூன் படத்துல அந்த அளவுக்கு வரல. கார்ட்டூனே கூடாதுன்னு இல்ல, ஆனா நீலக் கலர் யானை சட்டை போட்டு சைக்கிள் ஓட்டற புக் கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும். அதே மாதிரி தூக்கிப் பாக்கற மூடி, இழுக்கற பட்டை, பட்டனை அமுக்கினா மியாவ்னு கத்தறதுன்னு வித்தை காட்டற புக்குங்க இருக்கு. பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா கவனம் பூரா மூடியிலயே போயிடும். இதையும் ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க, மூடி பட்டை வச்ச புக்ல இருந்து குழந்தைங்க கத்துக்கிட்டது சாதா புக்கை விடக் குறைவாதான் இருந்துச்சு. பொம்மையா வச்சுக்கோங்க, தப்பில்ல. பட்டன் செல் (காசு மாதிரி இருக்கற குட்டி பேட்டரி) போட்ட புக்னா மட்டும் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க, அந்த பேட்டரியை முழுங்கிட்டா பெரிய ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஒன்றரை வயசு வரைக்கும் கெட்டி அட்டைல வர்ற போர்டு புக், மூலை உருண்டையா இருக்கறது. ஆனா தமிழ்ல போர்டு புக் கம்மி, நல்ல படப்புக்ல நிறைய மெல்லிசு பேப்பர்லதான் வருது, அதுக்காக விட்டுடாதீங்க. அட்டை புக்கைப் பிள்ளை கையில குடுத்துடுங்க, பேப்பர் புக்கை நீங்க பிடிச்சுட்டு காட்டுங்க.

எங்க கிடைக்கும்னா, சென்னையில துளிகா 1996ல இருந்து சின்னப் பிள்ளைங்களுக்குப் புக் போடறாங்க, ஒரே பேஜ்ல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து வர்ற இருமொழி புக்கும் அவங்க கிட்ட உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ரெண்டுமே 1957ல ஆரம்பிச்சது, விலை கைக்கு அடக்கமா இருக்கும், புத்தகக் காட்சிக்குப் போனா அவங்க ஸ்டாலை விடாதீங்க. காசே செலவில்லாம வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட் இருக்கு, 2015ல தொடங்கினது, தமிழ்ல ஏகப்பட்ட படப்புக் ஃப்ரீயா டவுன்லோடு பண்ணலாம், ஓப்பன் லைசென்ஸ்ங்கறதால தாராளமா பிரிண்ட் போட்டுக்கலாம். லெவல் 1னு (வாசிக்க ஆரம்பிக்கற பிள்ளைங்களுக்கு) போட்டிருந்தாலும் சிலதுல வரி ஜாஸ்தியா இருக்கும், படத்தைப் பாத்து எடுங்க, வரியை நீங்க குறைச்சுக்கலாம். வெளிநாட்டு புக் யாராவது பிரசண்ட் பண்ணினா அதையும் பாருங்க, ஆனா வீட்டுக்கு வெளிய இருக்கறதோட ஒத்துப் போற பேஜ்ல கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்க. பனி பொம்மை படத்தைக் காட்டிட்டு எங்க கூட்டிட்டுப் போய் நிஜத்தைக் காட்டுவீங்க, ஃப்ரீஸரைத் திறந்தா?

உக்கார வச்சு ஆரம்பிக்கறது

பிறந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கறதுதான் ஓரளவு தெளிவாத் தெரியும், ஒரு சாண் ஒன்றரை சாண்னு வச்சுக்கோங்க, பால் குடுக்கும்போது அம்மா முகம் இருக்கற தூரம். அந்த மாசங்கள்ல கருப்பு வெள்ளை மாதிரி பளிச்சுனு வித்தியாசம் தெரியற படத்தை அந்த தூரத்துல பிடிச்சுட்டு மெதுவா பேசினாலே போதும். மூணு மாசக் குழந்தை ஓடற ஃபேனை வச்ச கண்ணு வாங்காம பாக்கறது ஏன்னு நினைக்கறீங்க, வெள்ளை சீலிங்ல கருப்பா ஒண்ணு சுத்துது, அதுக்கு அதுவே படப்புக். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லயே பிறந்ததுல இருந்து சத்தமா வாசிச்சுக் காட்டுங்கன்னு பெத்தவங்க கிட்ட சொல்லச் சொல்லிட்டாங்க, அதனால என்னடா கைக்குழந்தை கிட்ட புக் வச்சுட்டு பேசறாளேன்னு யாராவது சிரிச்சா சிரிச்சுட்டு போகட்டும்.

உக்காந்துக்கற வயசு வந்ததும் மடிதான் நல்ல இடம், ஆனா எப்பவுமே முதுகைக் காட்டி உக்கார வைக்க வேணாம், சில நேரம் எதிர்ல உக்கார வச்சு புக்கை நடுவுல போடுங்க, உங்க வாய் அசையறதையும் கண்ணு எங்க போகுதுன்னும் பிள்ளை பாக்கும், நீங்களும் அதைப் பாக்கலாம். நேரம் பாத்து எடுங்க. பசி நேரத்துலயும் தூக்கம் சொக்கற நேரத்துலயும் புதுசா ஒரு புக்கை ஆரம்பிச்சா புக் மேலயே கோவம் வந்துடும், தூங்கப் போகும்போது ஏற்கனவே பழகின புக்கா எடுங்க. சாயங்காலம் குளிச்சு முடிச்சு, வயிறு நிறைஞ்சு, வீட்ல டிவி ஓடாத ஒரு பத்து நிமிஷம் இருந்தா அது பொன்னு. பத்து நிமிஷம் இல்லாட்டி ரெண்டு நிமிஷம். ஒரு வயசுப் பிள்ளை ரெண்டு நிமிஷம் உக்காந்தாலே நல்லா உக்காந்ததுதான்.

அட்டையில இருந்தே ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் போகணும்னு எந்த சட்டமும் இல்ல. அது நடு பேஜைத் திறந்தா அங்க இருந்து பேசுங்க. நாலு பேஜைச் சேர்த்துப் பிடிச்சுத் திருப்பினா போகட்டும், பேஜைத் திருப்பறதே அந்த வயசுல பெரிய வேலை. எந்திரிச்சுப் போயிட்டா கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்காதீங்க, நீங்க பாட்டுக்கு இன்னும் ஒரு பேஜ் சத்தமா வாசிச்சுட்டு இருங்க, அது ரூமைச் சுத்திட்டே கேக்கும், நடுவுல ஓடி வந்து எட்டிப் பாத்துட்டும் போகும்.

புக்ல இருக்கற வரி எழுத்துத் தமிழ்ல இருக்கும், மழை பொழிகிறதுன்னு. தாளமா இருக்கற வரியா இருந்தா அப்படியே வாசிங்க, அந்த ஓசை பிள்ளைக்குப் பிடிக்கும். வாசிச்சுட்டு உடனே நம்ம பேச்சுல, மழை கொட்டுது பாருடா, சட்டை நனைஞ்சு போச்சு பாருன்னு சேத்துக்கோங்க. இங்கிலீஷ் புக்கா இருந்தா எழுத்தை மறந்துட்டு படத்தை வச்சு வீட்ல பேசற மாதிரியே பேசிக்கலாம், ரெண்டு வயசுப் பிள்ளை வந்து வரிக்கு வரி சரி பாக்காது. இதுல ஒரு சவுகரியம் இருக்கு, எழுத்து தெரியாத பாட்டியும் புக் காட்டலாம். நிறைய வீட்ல பாட்டிங்கதான் இதை நல்லா செய்யறாங்க, ஏன்னா அவங்களுக்கு வாசிச்சு முடிக்கணும்னு அவசரமே கிடையாது, ஒரு மாட்டுப் படத்தை வச்சுட்டு அந்த மாடு, அதோட கன்னு, பால்காரர், தயிர்னு கால் மணி நேரம் ஓட்டிடுவாங்க.

பேசறதை விட காத்திருக்கறது கஷ்டம்

பேஜைத் திறந்ததும் பெரியவங்க வாய் ஓட ஆரம்பிச்சுடும். கொஞ்சம் நிறுத்துங்க. பேஜைத் திறந்து வச்சுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க, அது எங்க பாக்குதுன்னு பாருங்க. நீங்க பெரிய யானையைக் காட்ட நினைச்சிருப்பீங்க, அது மூலையில கிடக்கற ஒத்தைச் செருப்பைப் பாத்துட்டு இருக்கும். அப்போ அன்னைக்குப் பாடம் செருப்புதான். செருப்பு, ஆமா செருப்பு, ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க போச்சு, அப்பா செருப்பு எங்க இருக்கு, வாசல்ல இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வரலாமா. அது எதைப் பாக்குதோ அதுக்குப் பேரு சொன்னா வார்த்தை சட்டுனு ஒட்டிக்கும், அதோட கண்ணை வேற பக்கம் திருப்பி நாம நினைச்ச வார்த்தையைச் சொல்லிக் குடுக்கறது ரெண்டு பேருக்குமே சிரமம்.

பிள்ளை ஒரு வார்த்தை சொன்னா நீங்க அதை ரெண்டா மூணா ஆக்கித் திருப்பிக் குடுங்க. காக்கான்னு சொல்லுதா, ஆமா கருப்புக் காக்கா, வடையைப் பாக்குது. தண்ணின்னு சொல்லுதா, ஆமா தண்ணி சிந்திடுச்சு, கால் ஈரமாயிடுச்சு. தப்பா சொன்னாலும் இல்லன்னு வெட்டாதீங்க. ஆட்டைப் பாத்து பௌபௌன்னு சொன்னா, நாய் மாதிரியே இருக்குல்ல, நாலு கால் இருக்கு, இது ஆடு, மேஏஏன்னு கத்தும்னு சொன்னா போதும். இந்த மாதிரி பிள்ளையைப் பேச விட்டு, அது சொன்னதை வளத்துக் குடுக்கற முறையை 1988ல வைட்ஹர்ஸ்ட்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் ரெண்டு வயசை ஒட்டின பிள்ளைங்க கிட்ட பண்ணிப் பாத்தாங்க. பெத்தவங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி குடுத்துட்டு ஒரு மாசம் வீட்ல வாசிக்க விட்டாங்க, வழக்கம் போல வாசிச்ச வீட்டுப் பிள்ளைங்களை விட இவங்க பேச்சு முன்னாடி போயிருந்துச்சு. ரெண்டு வீட்லயும் புக் இருந்துச்சு, மாறினது பெத்தவங்க பேசின விதம்தான்.

கேள்வியும் கேக்கலாம், ஆனா பத்துல ரெண்டு இருந்தா போதும். மீதி எட்டும் நீங்க சும்மா சொல்றதா இருக்கட்டும், அட இந்த எறும்பு பாரேன் தன்னை விடப் பெருசா தூக்கிட்டு போகுதுன்னு. சொந்தக்காரங்க வந்தா புக்கைக் கொண்டு வந்து, மாமாவுக்குச் சொல்லு இது என்ன கலர், சொல்லு சொல்லு, நேத்து சொன்னியேன்னு நிக்க வைக்கறாங்க பாருங்க, அதைப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும். அந்தப் பிள்ளை அடுத்த தடவை அந்த புக்கைப் பாத்தா ஓடத்தான் செய்யும்.

புக்ல இருந்து வாசலுக்கு

எறும்புல இருந்து ஆரம்பிக்கலாம், எங்கயும் கிடைக்கும். பச்சரிசி மாவுல கோலம் போட்ட வாசல்னா இன்னும் வசதி, கல்லு மாவுன்னா எறும்பு எட்டிக் கூடப் பாக்காது. பக்கத்து வீட்டுப் பாப்பா ஒண்ணு, ரெண்டு வயசு ஆகப் போகுது, முந்தின நாள் புக்ல எறும்பு பாத்திருக்கு, காலையில பாட்டி கோலம் போட்டு முடிச்சதும் அது ஓரத்துல குத்த வச்சு உக்காந்துச்சு. ஒரு சின்ன எறும்பு மாவுத் துகள் ஒண்ணைக் கவ்விட்டு கோலத்து இழை மேலயே நடந்து வருது, பாப்பா விரலை அது முன்னாடி வச்சிடுச்சு, எறும்பு நின்னு, மீசையை ஆட்டி, விரலைச் சுத்திட்டு அந்தப் பக்கம் போய்த் திரும்ப அதே வழியில சேந்துக்கிச்சு. பாப்பா விரலை எடுத்துப் பாத்துச்சு, எறும்பைப் பாத்துச்சு, திரும்ப வச்சுது. பாட்டி ஒரு வார்த்தை பேசல, விளக்கமாத்தை அப்படியே பிடிச்சுட்டு நின்னாங்க. அப்புறம் அது நிமிந்து பாக்கும்போதுதான், வீட்டுக்கு சோறு கொண்டு போகுதுடி, பசிக்குமில்லன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் எறும்பு புக்கை எடுத்தப்போ பாப்பா முதல்ல பண்ணின வேலை, படத்துல எறும்பு முன்னாடி விரலை வச்சதுதான். சுத்திட்டுப் போகுதான்னு காத்திருந்துச்சு.

பிள்ளையார் எறும்புனு சொல்ற அந்த சின்னக் கருப்பு எறும்பு பாத்து உக்கார வைங்க, செவ்வெறும்பும் கட்டெறும்பும் கடிச்சா புக் மேல இருக்கற ஆசையும் போயிடும்.

நிழல் புக்குக்கு சாயங்காலம் அஞ்சு மணி மொட்டைமாடி நல்லா இருக்கும், நிழல் நீளமா விழும், கையைத் தூக்கினா அதுவும் தூக்கும். அதே பிள்ளையை மத்தியானம் ஒரு நிமிஷம் வாசல்ல நிறுத்தினா நிழல் காலுக்குக் கீழ சுருங்கிக் கிடக்கும், ஏன்னு விளக்க வேணாம், எங்க போச்சு உன் நிழல்னு கேட்டா போதும். கரண்ட் போன ராத்திரில டார்ச் அடிச்சு செவுத்துல கையால நாய், மான் காட்டறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தைதான், அதுக்குப் பக்கத்துல அந்த புக்கையும் திறந்து வைங்க.

நிலா கொஞ்சம் பிளான் பண்ண வேண்டிய ஐட்டம். நிலாவைக் காட்டி சோறு ஊட்டற ஊர்ல இதைச் சொல்லித் தர வேணாம்தான், ஆனா புக்ல நிலா பாத்துட்டு ஏழு மணிக்கு மாடிக்குப் போனா நிலாவே இல்லன்னா பிள்ளை ஏமாந்துடும். காலண்டரைப் பாருங்க. அமாவாசை முடிஞ்சு மூணு நாலு நாள்ல இருந்து பௌர்ணமி வரைக்கும் சாயங்காலம் இருட்டும்போதே நிலா வானத்துல இருக்கும், பௌர்ணமி அன்னைக்கு சூரியன் மறையற நேரத்துக்குக் கிழக்குல எழும்பும். பௌர்ணமிக்கு அப்புறம் நாளுக்கு நாள் லேட்டா வரும், பிள்ளை தூங்கின பிறகுதான் எழும்பும், ஆனா அந்த நாள்ல காலையில பள்ளிக்கூட வேன் வர்ற நேரத்துக்கு மேற்கால வெளுப்பா நிக்கும் பாருங்க. பகல்ல நிலாவைக் கண்டுபிடிச்ச பிள்ளையோட முகத்தைப் பாத்தா உங்களுக்கே குஷியா இருக்கும்.

விதை புக்குக்குத் தோட்டம் எல்லாம் வேணாம், பச்சைப்பயறு போதும். ராத்திரி ஊற வச்சு, காலையில தண்ணியை வடிச்சு ஈரத்துணில கட்டி, ஒரு நாள் ரெண்டு நாள்ல வெள்ளையா வால் விட்டிருக்கும். பிள்ளையைக் கூட வச்சு ஊத்துங்க, முடிச்சை அவிழ்த்துப் பாக்கறதை அதுகிட்ட விடுங்க. பயறு மூக்குலயும் தொண்டையிலயும் போற சைஸுங்கறதால கை எட்டற தூரத்துலயே இருக்கணும். தண்ணி புக்குக்கு ஒரு அகலப் பாத்திரம், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ஸ்பூன், ஒரு கொட்டாங்குச்சி, எது மிதக்குது எது முங்குதுன்னு அதுவே போட்டுப் பாக்கும். முடிஞ்ச உடனே தண்ணியைக் கொட்டிடுங்க. சின்னப் பிள்ளைக்கு பக்கெட்ல கொஞ்சூண்டு தண்ணி இருந்தாலும் ஆபத்துதான், ஃபோன் வந்துச்சுன்னு உள்ள போயிடக் கூடாது.

மழைக்காலத்துல மரவட்டை, நத்தை, மண்புழுன்னு தேடிப் போக வேண்டிய அவசியமே இல்ல, அதுங்களே வீட்டுக்கு வரும். நீங்க ச்சீன்னு கத்தாம இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. மரவட்டையைத் தொட்டா சுருண்டுக்கும், அதை ஒரு குச்சியால தொட்டுக் காட்டிட்டு கொஞ்ச நேரம் காத்திருந்தீங்கன்னா திரும்பவும் விரிஞ்சு நடக்கும். பாத்துட்டு கையைக் கழுவிட்டா ஆச்சு.

வீட்டையே புக்கா போடறது

கடையில நீங்க நினைச்ச மாதிரி கிடைக்கலன்னா நீங்களே பண்ணிடலாம், உண்மையைச் சொன்னா ஒரு வயசுப் பிள்ளை அதிகமா கேக்கறது அந்த புக்கைத்தான். ஃபோன்ல எட்டுப் பத்து போட்டோ எடுங்க: ஓடற ஃபேன், பிள்ளையோட பால் டம்ளர், தாத்தா கண்ணாடி, வாசல் கேட், தெரு நாய், குக்கர், துணி காயற கொடி, செம்பருத்திப் பூ, ஆட்டோ. பிள்ளை கண்ணு இருக்கற உயரத்துக்குக் குனிஞ்சு எடுக்கணும், நம்ம உயரத்துல இருந்து எடுத்தா அதுக்கு அந்தக் கோணமே புதுசா இருக்கும். பின்னாடி வேற சாமான் தெரியாம ஒரு பெட்ஷீட்டையோ வெறும் செவுத்தையோ வச்சு எடுங்க. போட்டோ கடையில 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டு, ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் பண்ணிட்டு, மூலையை எல்லாம் கத்திரியால உருண்டையா வெட்டிடுங்க, லேமினேஷன் மூலை கன்னத்துல கீறிடும். ரெண்டு ஓட்டை போட்டு கெட்டி நூல்ல முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டுங்க, நூல் நீட்டமா தொங்காம வெட்டி விட்டுடுங்க. ஸ்பைரல் கம்பி வேணாம், முனை குத்தும்.

இந்த புக்ல குக்கர் பேஜ்தான் ஹிட் ஆகும். படத்துல உஸ்ஸ்ஸ்னு நீங்க சத்தம் குடுத்து வைங்க, மறுநாள் அடுக்களையில நிஜமா விசில் வரும்போது பிள்ளை புக்கைத் தேடிட்டு ஓடும். பேச்சு வராத பிள்ளை கூட உஸ்ஸ்ஸ்னு சொல்லிடும், அதையும் ஒரு வார்த்தையாவே கணக்குல எடுத்துக்கலாம்.

மத்தபடி

ஒரே புக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டா அலுத்துக்காதீங்க. நமக்கு மண்டை காயும், அதுக்கு இன்னும் முடியல. 2011ல மூணு வயசுப் பிள்ளைங்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைங்க, அதே புது வார்த்தைகளை வேற வேற கதையில கேட்ட பிள்ளைங்களை விட நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க. உங்களுக்குத் தாங்க முடியலன்னா ஒவ்வொரு தடவையும் வேற ஒரு மூலையைப் பாருங்க, இன்னைக்கு எறும்பு, நாளைக்கு பாப்பாவோட கொலுசு. தெரிஞ்ச வரியை முக்கால்வாசி சொல்லிட்டு கடைசி வார்த்தையை விட்டுடுங்க, அது முடிச்சு வைக்கும். வேணும்னே தப்பா சொல்லிப் பாருங்க, ரெண்டரை வயசுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும்.

புக்கை ஃபோன்லயே காட்டலாமான்னு கேப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டு வயசு ஆகற வரைக்கும் ஸ்கிரீன் வேணாம், அதுக்கு மேல ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேணாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு. ஃபோன்ல படத்தைத் தேய்ச்சா அது நகந்து போயிடும், அடுத்து வீடியோ வரும்னு பிள்ளைக்குத் தெரியும், எறும்பு கிட்ட யாரு நிப்பா. டவுன்லோடு பண்ணினதைக் கருப்பு வெள்ளையிலயாவது பிரிண்ட் எடுத்துடுங்க.

இன்னொண்ணு, இது புக் விஷயம் மட்டும் இல்ல. ஒன்றரை வயசு ஆகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டல, பேரைக் கூப்பிட்டாலும் திரும்பல, படத்துலயும் ஆளு முகத்துலயும் கண்ணே நிக்கலன்னா ஆம்பளப் பிள்ளை லேட்டாதான் பேசும்னு யாராவது சொல்றதைக் கேட்டுட்டு உக்காராதீங்க, குழந்தை டாக்டர் கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, காதையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

புக்கை அலமாரி மேல அடுக்கி வைக்காம தரையில ஒரு கூடையில, அட்டை தெரியற மாதிரி, அஞ்சாறு மட்டும் வைங்க. மொத்தத்தையும் கொட்டி வச்சா ஒண்ணையும் பாக்காது. பத்துப் பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கா ரெண்டை உள்ள வச்சுட்டு ரெண்டை வெளிய எடுங்க, ஆனா அது தூக்கிட்டே திரியற புக் எதுவோ அதுல கை வைக்காதீங்க. எச்சில் பட்ட அட்டை புக்கை ஈரத்துணியால துடைச்சு நல்லா காய விடுங்க, இல்லாட்டி அட்டை உப்பி வாடை வந்துடும். கிழிஞ்ச பேஜை அது முன்னாடியே டேப் போட்டு ஒட்டுங்க, ஒட்டின இடத்தைத் தடவிப் பாக்க விடுங்க, டேப் ரோலை மட்டும் அப்புறம் எட்டாத இடத்துல வச்சிடுங்க, இல்லன்னா நல்லா இருக்கற பேஜை எல்லாம் சேத்து ஒட்டி வச்சிடும்.